கிரைஸ்லீகா: ஜேர்மன் உதைபந்தாட்டத்தின் 11ஆம் படியில் நான் கற்றவை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. ஆட்டம் ஒரு மணிக்கு. அணியின் வட்ஸ்அப் குழுவில் வருவதாகப் போட்டவர்கள் 9 பேர். இரண்டு பேர் செய்தியை இன்னும் திறக்கவேயில்லை. ஒருவன் இரவு வேலை முடித்து ஆறு மணிக்குத்தான் படுத்திருப்பான். கோல்காப்பாளருக்கு வியாழக்கிழமைப் பயிற்சியில் விரல் மடங்கி வீங்கியிருக்கிறது. நான் கோப்பியை மேசையில் வைத்துவிட்டு ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்குவேன். எழுதிக் கேட்பதில்லை, அழைத்துத்தான் கேட்பது. எழுதிக் கேட்டால் ‘முழங்கால் நோகுது’ என்று ஒரு வரி வரும். அதோடு கதை முடிந்துவிடும். குரலில் கேட்டால், ‘நோகுதுதான் அங்கிள், ஆனால் ஆள் இல்லையெண்டால் வந்து நிக்கிறன்’ என்பான். அந்த ஒரு வசனத்தை நம்பி எங்கள் அணி எத்தனையோ ஞாயிறுகள் மைதானத்தில் இறங்கியிருக்கிறது.

2017 கோடையில் என் மூத்தவன் பெரியவர்களின் அணிக்கு வந்தபோது, அந்த அணிக்குச் சட்டை தோய்க்கவும் பெயர்ப் பட்டியல் எழுதவும் ஆள் இல்லை. எப்படியும் ஆட்டம் பார்க்க வருகிறாய்தானே, இதையும் செய்வாயா என்று பயிற்றுநர் கேட்டார். ஓம் என்றேன். அன்றிலிருந்து ஹம் நகரத்தின் ஒரு சிறிய கழகத்தில், இரண்டாவது அணிக்கு நான்தான் பெட்ரொயர். தமிழில் பராமரிப்பாளர் என்று சொல்லலாம். பந்தை உதைப்பதைத் தவிர மற்ற எல்லாமே அந்த வேலைக்குள் வரும்.

ஐரோப்பாவில் இருக்கும் தமிழருக்கு ஹம் என்றால் ஊன்ட்ரோப்பில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயில்தான் நினைவுக்கு வரும். 2002இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலின் தேருக்கு ஆயிரக்கணக்கில் சனம் கூடும். அதே நகரத்தில் ஞாயிறுதோறும் உதைபந்தாட்ட மைதானங்களும் நிறைகின்றன. அந்தப் பக்கம் எங்கள் சனம் வருவது குறைவு. பிள்ளைகளை ஐந்து ஆறு வயதில் சிறுவர் அணியில் சேர்ப்போம். 14, 15 வயதானதும் படிப்பைக் காட்டி நிறுத்திவிடுவோம். நிறுத்த வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நிறுத்தாமல் விட்டால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் இந்த ஏணியைப் பார்க்க வேண்டும். மேலே புண்டஸ்லீகா, அதன் கீழே இரண்டாம் புண்டஸ்லீகா, மூன்றாம் லீகா. நான்காவது படியில் நாடு முழுவதற்கும் ஐந்து ரீகியோனால்லீகாக்கள். எங்கள் பக்கத்துக்கு உரியது ரீகியோனால்லீகா வெஸ்ட். ஐந்தாவது படியிலிருந்து வெஸ்ட்ஃபாலன் மாநிலச் சங்கத்தின் பொறுப்பு. காமன் நகரத்தின் கைசராவ் பகுதியில் அந்தச் சங்கத்தின் தலைமையகம் இருக்கிறது. எங்களுக்குக் காரில் கிட்டத்தான். ஓபர்லீகா வெஸ்ட்ஃபாலன், அதன் கீழ் வெஸ்ட்ஃபாலன்லீகா, லாண்டஸ்லீகா, பெசிர்க்ஸ்லீகா. அதற்கும் கீழே வருவதுதான் கிரைஸ்லீகா. கிரைஸ் என்றால் வட்டாரம். எங்கள் வட்டாரம் ஊனா-ஹம். கிரைஸ்லீகாவுக்குள்ளும் ஏ, பி, சி என்று பிரிவுகள். சில வட்டாரங்களில் டி கூட உண்டு. எண்ணிப் பார்த்தால் கிரைஸ்லீகா சி 11ஆவது படி. 2008இல் மூன்றாம் லீகா தொடங்கும் வரை இதுவே 10ஆவது படியாக இருந்தது.

ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் கதவு திறந்தே இருக்கிறது என்பதுதான் எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்தது. வென்றால் மேலே போகலாம், தோற்றால் கீழே வர வேண்டும். காசு கட்டி வாங்கும் இடம் இல்லை. எங்கள் நகரத்தின் வெஸ்ட்ஃபாலியா ரைனர்ன் கழகம் 2017இல் ரீகியோனால்லீகாவுக்கு ஏறியது. ஒரு வருடத்தில் இறங்கியும் விட்டது. பக்கத்து நகரத்தில் புலம்பெயர்ந்தவர்களின் கழகமான டுர்க்ஸ்போர் டோர்ட்முண்ட், கீழ்ப் பிரிவுகளிலிருந்து படிப்படியாக ஏறி 2024இல் ரீகியோனால்லீகா வெஸ்டைத் தொட்டது. உலகக் கிண்ணத்தில் 16 கோல் போட்ட மிரோஸ்லாவ் க்ளோஸா, 20 வயது வரை ஒரு கிராமக் கழகத்தில் பெசிர்க்ஸ்லீகாதான் ஆடிக்கொண்டிருந்தார். தொழில் தச்சு வேலை. நான் பெடியளுக்கு இந்தக் கதைகளைச் சொல்வது அவர்களும் அப்படி வந்துவிடுவார்கள் என்பதற்காக இல்லை. அவர்கள் நிற்கும் மைதானமும் அந்த ஏணியின் ஒரு படிதான் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சரி, மைதானத்துக்கு வருவோம். நான் சேர்ந்த காலத்தில் எங்களுடையது அஷன்பிளாட்ஸ், அதாவது சாம்பல் தரை. செங்கல்லை இடித்துத் தூவியது போன்ற சிவப்பு. ரூர் பகுதியில் சுரங்கமும் உருக்காலையும் இருந்த காலத்தில் சாம்பலும் கசடும் மலிவாகக் கிடைத்தன; மழைக்குப் புல் சேறாகிப் போகும் இந்த ஊரில், வாரம் முழுக்க ஆடக்கூடிய தரையாக அது பரவியது. ஹம்மிலும் சுரங்கங்கள் இருந்தன. ராட்பொட் 1990இல் மூடப்பட்டது, நகரத்தின் கடைசிச் சுரங்கம் 2010இல். சுரங்கம் போன பிறகும் தரை மிஞ்சியிருந்தது. எங்கள் கழகத்தின் மூத்த ஆட்கள் பலர் அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்கள். அவர்களுக்கு இந்தச் சிவப்புத் தூள் மேல் ஒரு பாசம் உண்டு. கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர்களில் ஒருவர் பேசவே மாட்டார். வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு வளையாமல் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பார். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நிமிராமல் நடந்த பிறகுதான் காலை வணக்கம் சொல்வார்.

அந்தத் தரையில் ஒருமுறை வழுக்கி விழுந்தால் தொடையிலிருந்து முழங்கால் வரை தோல் உரியும். உரிந்த இடத்துக்குள் சிவப்பு மணல் ஏறி நிற்கும். முதல் வருடம் என் மகன் அப்படி விழுந்துவிட்டு, வெட்கத்தில் ஒன்றும் சொல்லாமல் நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இரவு துணி காயத்தில் ஒட்டிப் போய்விட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் பிரித்தெடுத்தேன். மணல் உள்ளே இருந்தபடி தோல் மூடினால் தழும்போடு நிற்கும், சீழும் பிடிக்கும். அதனால் ஆட்டம் முடிந்த கையோடு, கழகத்துக் குளியலறையிலேயே, ஓடும் தண்ணீரில் மென்மையான தூரிகையால் மணல் முழுவதும் போகும் வரை தேய்க்க வேண்டும். நோகும்தான், பெடியள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் கிருமிநாசினி, அதன் மேல் ஒட்டாத காயத்துணி. எங்கள் மருந்துப் பெட்டியில் இந்த மூன்றும் எப்போதும் இருக்கும். ஏற்பூசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி, போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் குடும்ப வைத்தியரிடம் போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பருவம் தொடங்கும்போது ஒவ்வொருவரிடமும் தடுப்பூசி அட்டையைப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

சட்டை தோய்க்கவும் இந்தத் தரைதான் கற்றுத் தந்தது. முதல் ஞாயிறு 14 சட்டைகளையும் நேரே 60 பாகையில் போட்டேன். சிவப்பு, வெள்ளைக் கோடுகளுக்குள் இறங்கிவிட்டது. மனைவி பார்த்துவிட்டு, இது எங்கள் ஊர்ச் செம்மண் கறை மாதிரித்தானே என்றாள். காயவிட்டு உதறு, குளிர்த் தண்ணீரில் ஒரு தரம் அலசு, பிறகு இயந்திரத்தில் போடு, சுடுதண்ணீர் கிட்டவும் வேண்டாம். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். இப்போது எங்களுக்குச் செயற்கைப் புல். சட்டை தோய்ப்பது சுலபம். ஆனால் இந்த வட்டாரத்தில் வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் இன்னும் எங்காவது சாம்பல் தரை வரும். அங்கே போகும் நாளில் நீளக் காலுறையும் உள்ளே இறுக்கமான காற்சட்டையும் போடச் சொல்லி முதல் நாளே செய்தி அனுப்புவேன்.

இனி நான் செய்த மிகப் பெரிய பிழை. இதை விரிவாகவே சொல்ல வேண்டும். இதே பிழையைப் பிறகு வேறு கழகங்களிலும் கண்டிருக்கிறேன்.

செப்டெம்பர் மாதம். ஒரு தமிழ்ப் பெடியன், நல்ல வேகம், இடது காலால் ஆடுவான். பக்கத்து ஊர்க் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவன் வேலை மாறி ஹம்முக்கு வந்துவிட்டான். “அங்கிள், நான் அந்தக் கழகத்தை விட்டிட்டன். உங்களோட ஆடலாமோ?” என்று கேட்டான். எப்போது விட்டாய் என்று நான் கேட்கவில்லை. பதிவு விண்ணப்பம் போட்டோம். சில நாளில் இணையத்தில், டிஎஃப்பிநெட் என்ற சங்கத்தின் தளத்தில், அவன் பெயர் எங்கள் பட்டியலில் வந்தது. பெயருக்கு நேரே ஆடும் உரிமைக்கான திகதியும் இருந்தது. அந்த ஞாயிறே இறக்கினோம். 3-1 என்று வென்றோம். இரண்டு கோல் அவனுடையது. குளியலறையில் பாட்டும் கூத்துமாக இருந்தது.

அந்தத் தளத்தில் ஒருவருக்கு இரண்டு திகதிகள் இருக்கும். ஒன்று நட்பு ஆட்டங்களுக்கு, மற்றது புள்ளிக்கான ஆட்டங்களுக்கு. நான் பார்த்தது முதலாவதை. இரண்டாவது திகதி நவம்பர் கடைசியில் இருந்தது. உரிமை இல்லாத வீரரை இறக்கியதால் ஆட்டம் எங்களுக்கு எதிராக 0-2 என்று எழுதப்பட்டது. மூன்று புள்ளியும் போனது, கழகம் தண்டப்பணமும் கட்டியது. கழகத்துக் கணக்குப் பார்க்கும் அம்மா அந்தக் கடிதத்தை என் முன் வைத்துவிட்டு ஒரு வார்த்தை ஏசவில்லை. பேனாவை எடுத்து இரண்டு திகதிகளுக்கும் கீழே கோடு போட்டு, எது எது என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அந்தப் பெடியன் ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அவனிடம் பிழை இல்லை. பார்க்க வேண்டியவன் நான்.

கழகம் மாறும் விதி இதுதான். கோடையில் மாறுவதென்றால் ஜூன் 30க்குள் பழைய கழகத்திலிருந்து விலக வேண்டும். புதிய கழகம் ஓகஸ்ட் 31க்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய கழகம் சம்மதித்தால் உடனே ஆடலாம். சம்மதம் இல்லை, விதியில் உள்ள இழப்பீடும் கட்டவில்லை என்றால் நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் மாறுவதென்றால் டிசெம்பர் 31க்குள் விலகல், ஜனவரி 31க்குள் விண்ணப்பம். அப்போது பழைய கழகத்தின் சம்மதம் கட்டாயம். இந்தத் திகதிகளைத் தவற விட்டவருக்கு இருக்கும் வழி, கடைசியாக ஆடிய ஆட்டத்திலிருந்து ஆறு மாதம் ஆடாமல் இருப்பது. எங்கள் பெடியன் வாயால்தான் விலகியிருந்தான். எழுத்தில் விலகியது செப்டெம்பரில். கடைசி ஆட்டம் மே மாதம். அதனால்தான் நவம்பர் கடைசி.

பயிற்சிக்கு வருவதை நிறுத்துவது வேறு, விலகுவது வேறு. விலகலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால்கந்தோர் தரும் சிட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். திகதியில் தகராறு வந்தால் அந்தச் சிட்டைதான் பேசும். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: அங்கத்தவர் சந்தாவை நிறுத்துவதும் ஆடும் உரிமையை விடுவதும் இரண்டு தனி விஷயங்கள். இரண்டையும் எழுத வேண்டும்.

இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்து முதல்முறை பதிபவருக்கு இன்னும் கொஞ்ச வேலை இருக்கிறது. ஜேர்மன் சங்கம் அவருடைய நாட்டுச் சங்கத்திடம் விடுவிப்புப் பத்திரம் கேட்கும். கடவுச்சீட்டுப் பிரதி, வதிவிடப் பதிவு, முன்பு எங்கே ஆடினார் என்ற விவரம் எல்லாம் போக வேண்டும். குருநகரிலிருந்து வந்த ஒரு தம்பி, ஊரில் கழகத்தில் ஆடியதைச் சொன்னால் சிக்கல் வருமோ என்று பயந்து, ஆடவேயில்லை என்று எழுதப் போனான். நான் விடவில்லை. உண்மையை எழுதினோம். வாரக்கணக்கில் காத்திருந்தோம்; பத்திரம் வந்தது. அதுவரை பயிற்சிக்கு ஒரு நாள் தவறாமல் வந்தான். இப்படியானவர்களின் விண்ணப்பத்தை நான் இப்போது மே மாதத்திலேயே தொடங்கிவிடுகிறேன், ஓகஸ்ட் முதல் ஆட்டத்துக்குக் கையில் இருக்கட்டும் என்று.

பதிவுப் படிவத்தில் இன்னும் ஒரு இடத்தை நிதானமாகப் பாருங்கள். ஆட்ட விவரம் எல்லாம் ஃபுஸ்பால் டிஇ என்ற தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வரும்: பெயர், கோல், அட்டை எல்லாம். பெயர் வெளியே வர வேண்டாம் என்று வீரர் சொன்னால் அது மறைக்கப்படும். எங்களிடம் ஆடும் அகதிப் பெடியன் ஒருவன் தன் பெயர் இணையத்தில் எங்கும் வரக்கூடாது என்று கேட்டான். காரணம் கேட்கவில்லை, பெயர் வராதபடி பதிந்தேன். இதை ஒவ்வொரு புதியவரிடமும் தனியாக, மற்றவர்கள் இல்லாத இடத்தில் கேட்பது நல்லது.

ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய முக்கால் மணிநேரம் எனக்கு மிகவும் முக்கியமானது. இரண்டு அணியும் தங்கள் பட்டியலை இணையத்தில் நிரப்பி விடுவித்தால்தான் மத்தியஸ்தர் ஆட்டப் பத்திரத்தைத் திறக்க முடியும். வீட்டில் சனிக்கிழமை இரவே 15 பேரைப் போட்டு வைத்துவிடுவேன். ஞாயிறு வராதவரை நீக்குவது சுலபம், அவசரத்தில் சேர்ப்பதுதான் கடினம். ஒவ்வொரு பெயருக்கும் படம் ஏற்றியிருக்க வேண்டும். படம் இல்லாதவர் அடையாள அட்டையைக் கையில் கொண்டு வரட்டும். சட்டை இலக்கத்தைச் சரிபார்த்துப் போடுங்கள். ஒருமுறை 8ஆம் இலக்கத்துக்கும் 18ஆம் இலக்கத்துக்கும் பட்டியலில் இடம் மாறி, மஞ்சள் அட்டை வாங்காத பெடியனின் கணக்கில் அட்டை ஏறிவிட்டது. முடிவில் மத்தியஸ்தரோடு சேர்ந்து பத்திரத்தை வாசித்ததால் அப்போதே திருத்த முடிந்தது. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போவார்கள். நான் பத்து நிமிடம் மத்தியஸ்தரின் அறையில் இருப்பேன்.

எங்கள் படியில் மத்தியஸ்தர் ஒருவர்தான். கோட்டுக் கொடியோடு உதவியாளர் யாரும் இல்லை. 90 நிமிடமும் ஓடி, ஓஃப்சைட்டையும் அவரே பார்க்க வேண்டும். அவர் வந்ததும் அறையைத் திறந்து கொடுங்கள். அறை துப்புரவாக இருக்கட்டும், ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும், காசு உறையில் எண்ணி வைத்திருக்கட்டும். சொந்த மைதானத்தில் ஆடும் கழகம்தான் அதைக் கொடுக்க வேண்டும். இவை சின்ன விஷயங்கள் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துவிட்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். 2019 ஒக்டோபரில் பெர்லினில் மத்தியஸ்தர்கள் தாக்கப்படுவதைக் கண்டித்து ஒரு வார இறுதி முழுவதும் ஆட்டம் நடத்த மறுத்தார்கள். அங்கே அமெச்சூர் மைதானங்கள் வெறுமையாகக் கிடந்தன. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஒவ்வொரு கழகமும் இத்தனை மத்தியஸ்தரைத் தர வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. குறைந்தால் கழகத்துக்குத் தண்டம். என் இளையவனுக்குக் காலில் பந்து நிற்பதில்லை, ஆனால் விதிப் புத்தகம் மனப்பாடம். அவனை மத்தியஸ்தர் பயிற்சிக்கு அனுப்பினேன். சிறுவர் ஆட்டங்களில் தொடங்கினான். முதல் மாதங்களில் அவன் ஊதும் மைதானத்தின் ஓரத்தில் நானும் போய் நின்றேன். பெற்றோர் சிலர் 16 வயதுப் பிள்ளை என்றும் பார்க்காமல் கத்துவார்கள். அவன் அடுத்த ஞாயிறும் சப்பாத்தைத் துடைத்து வைத்தான். பெரிய மனிதர்களோடு நிமிர்ந்து நின்று, அமைதியான ஜேர்மனில் கதைக்க அவன் பழகியது பள்ளிக்கூடத்தில் இல்லை, அங்கேதான். மத்தியஸ்தர் அட்டை இருந்தால் இடம் இருக்கும் வரை புண்டஸ்லீகா ஆட்டங்களுக்கும் இலவசமாகப் போகலாம். டோர்ட்முண்ட் மைதானத்துக்குள் முதல்முறை அவன் நுழைந்தது அந்த அட்டையோடுதான். ஆட விருப்பம் இருந்தும் அணியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வழியைக் காட்டுங்கள்.

2024-25 பருவத்திலிருந்து நாடு முழுவதும் ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. ஆட்டம் சூடேறினால் மத்தியஸ்தர் நிறுத்திவிட்டு, இரண்டு அணியையும் அவரவர் தண்ட உதைப் பகுதிக்குப் போகச் சொல்லலாம். அணித்தலைவர்களோடும் பயிற்றுநர்களோடும் மட்டும் நடுவில் நின்று கதைப்பார். ஓர் ஆட்டத்தில் இப்படி இரண்டு தரம் நிறுத்தலாம். மூன்றாவது தரமும் தேவைப்பட்டால் ஆட்டத்தைக் கைவிட்டுவிடுவார். நான் இதை ஒருமுறை நேரில் பார்த்தேன். 22 பேரும் பிரிந்து போய் நின்ற அந்த ஓரிரண்டு நிமிடத்திலேயே பாதிச் சூடு இறங்கிவிட்டது.

நிறத்தை வைத்து ஏசுவதும் நடந்திருக்கிறது. ஒரு வெளியூர் ஆட்டத்தில், வேலிக்கு அப்பால் நின்ற ஒருவர், எங்கள் இடது ஓரத்தில் ஆடிய பெடியனைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுதமாட்டேன். அவன் பந்தை அப்படியே விட்டுவிட்டு வேலியை நோக்கி நடந்தான். அணித்தலைவர், ஒரு ஜேர்மன் தச்சர், ஓடிப்போய் அவன் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு மத்தியஸ்தரிடம் கூட்டிக்கொண்டு போனார். மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தினார். அந்த ஆள் வெளியேற்றப்படும் வரை திரும்பத் தொடங்கவில்லை. அன்றைக்கு நான் செய்தது ஒன்றுதான்: எத்தனையாவது நிமிடம், என்ன சொல், யார் யார் கேட்டார்கள் என்று அங்கேயே எழுதினேன், ஆட்டப் பத்திரத்தில் தனி அறிக்கையாகப் போடும்படி மத்தியஸ்தரிடம் கேட்டேன். எதிரணியின் பயிற்றுநரும் சாட்சி சொல்ல முன்வந்தார். பிறகு வட்டார விளையாட்டு நீதிமன்றத்தில் ஒரு மாலை விசாரணை நடந்தது. எழுதி வைத்த தாள் இருந்ததால் யாரும் கதையை மாற்ற முடியவில்லை. மாநிலச் சங்கங்களில் இதற்கென்றே முறைப்பாடு சொல்லும் இடம் இருக்கிறது. பெடியன் திருப்பி ஏசியிருந்தால் சிவப்பு அட்டை அவனுக்குத்தான் வந்திருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அவனுக்கு அந்த இரவு உறக்கமில்லை. செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு முழு அணியும் அவன் வீட்டு வாசலுக்குப் போய், அவனைக் கூட்டிக்கொண்டுதான் வந்தது.

ஆள் சேராத நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், தொடக்கத்தில் சொன்ன ஒன்பதரை மணிக்குத் திரும்புவதானால். ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது பொது விதி. ஆனால் ஏழு பேர் 11 பேரோடு ஆடினால் அது உதைபந்தாட்டம் இல்லை, தண்டனை. அதற்காகவே கீழ்ப் பிரிவுகளில் நோர்வே முறை என்று ஒன்று வந்தது. எங்களிடம் 9 பேர்தான் என்று முன்கூட்டியே அறிவித்தால் எதிரணியும் 9 பேரையே இறக்க வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், எந்தப் பிரிவுகளுக்கு இது பொருந்தும் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்; பருவத் தொடக்கத்தில் உங்கள் வட்டாரத்தின் அறிவிப்பை வாசித்துக்கொள்ளுங்கள். வராமலே இருந்துவிடுவது மட்டும் வேண்டாம். புள்ளி போகும், தண்டம் வரும். மூன்று முறை நடந்தால் அந்தப் பருவத்துக்கு அணியே போட்டியிலிருந்து போய்விடும். எதிரணி குளிரில் வந்து கோடு போட்டு, சொசேஜ் வாங்கி வைத்துக் காத்திருப்பார்கள். கல்யாணம், சாமத்தியம் என்று நாலு பெடியள் ஒன்றாகப் போகும் நாள் முன்பே தெரிந்திருந்தால், எதிரணியின் பராமரிப்பாளரை அழைத்துக் கதைத்து, தளத்தில் ஆட்டத் திகதி மாற்றம் கேளுங்கள். நான் கேட்டு மறுத்தவர்கள் மிகக் குறைவு. அவர்கள் கேட்கும்போது நானும் மறுப்பதில்லை.

காயம் பட்டால் கழகத்துக்கு உடனே எழுத்தில் சொல்லுங்கள். வைத்தியச் செலவை மருத்துவக் காப்புறுதி பார்க்கும். அதற்கு மேலே அங்கத்தவருக்கு விளையாட்டுச் சங்கத்தின் வழியாக விபத்துக் காப்புறுதியும் இருக்கிறது. அங்கத்தவராக இல்லாமல், ‘இந்த வாரம் மட்டும் ஆடுறன்’ என்று வரும் ஆளுக்கு அது கிடையாது. அதனால் பயிற்சிக்குக்கூட இரண்டு மூன்று தரத்துக்கு மேல் படிவம் நிரப்பாமல் நான் விடுவதில்லை.

கொரோனாக் காலத்தில் 2020-21 பருவம் முழுவதும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அந்த மாதங்களில் நான் தனியாகப் போய் மைதானத்தைச் சுற்றி நடந்திருக்கிறேன். கோடு போடும் வண்டி கொட்டகையில் நின்றது. கோடு போடும் பெரியவரும் சில நாள் வேலிக்கு வெளியே நிற்பார். இரண்டு மீற்றர் தள்ளி நின்று, கையை உயர்த்திக் காட்டுவோம். திரும்ப ஆட்டம் தொடங்கிய நாளில் அவர் வழமையை விட ஒரு மணிநேரம் முந்தி வந்திருந்தார்.

அந்த இடது கால் பெடியன் அந்த வருட நவம்பர் கடைசி ஞாயிறு ஆடினான். அதற்கு முன் வாரம்தோறும் வந்து சட்டைப் பையைத் தூக்கினான், மூலைக் கொடி நட்டான், மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். அன்று காலை நான் தளத்தைத் திறந்து இரண்டாவது திகதியைப் பார்த்தேன். கணக்குப் பார்க்கும் அம்மாவை அழைத்து அவரையும் பார்க்கச் சொன்னேன். பிறகுதான் அவன் பெயரைப் பட்டியலில் போட்டேன். 0-0. மழை. கடைசி நிமிடத்தில் அவன் அடித்தது கம்பத்தில் பட்டு வெளியே போனது. மத்தியஸ்தரின் அறையில் பத்திரத்தை வாசித்து முடித்து வெளியே வந்தபோது அவன் இன்னும் அந்தக் கோல் கம்பத்தடியில்தான் நின்றான். பயிற்றுநர் குடையோடு போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது ஜூன் மாதம். கழகம் மாற நினைக்கும் பெடியள் இருந்தால் 30ஆம் திகதி வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்த வாரமே தபால்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போடுங்கள். சிட்டையைப் படம் எடுத்துப் புதிய கழகத்துக்கு அனுப்பிவிட்டு, மூலத்தை வீட்டில் வையுங்கள்.